வஞ்சரம் விலை ஏறும்போது கடலில் என்ன நடக்கிறது?

ஏப்ரல் பாதி தாண்டியதும் திண்டுக்கல் மீன் மார்க்கெட்டுக்குப் போய்வந்தவர்கள் டீக்கடையில் கேட்பது ஒன்றுதான்: வஞ்சரம் ஏன் இந்த விலை விற்கிறது? தடைக்காலம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சரிதான், ஆனால் அது பாதிப் பதில். இன்னொரு டீ சொல்லுங்கள், மீதியைப் பேசுவோம்.

தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. 2001-இல் 45 நாளாக இருந்த தடை, 2017-இல் 61 நாளானது. பல மீன்கள் சினைப்படும் பருவம் என்பதால் இந்த ஓய்வு. நாட்டுப்படகுகள் போகலாம், கேரளத்தில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் அங்கிருந்தும் சரக்கு வரும். அதனால் மீன் அறவே நின்றுபோவதில்லை, விலை ஏறுகிறது.

ஆனால் இரண்டு மாத ஓய்வு மட்டும் கடலைக் காப்பாற்றிவிடாது. மீதிப் பத்து மாதம் வலை என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் இழுப்பது இழுவைமடி. நீண்ட பை அது. வாய் விரிந்து நிற்க இரண்டு பக்கமும் பலகை, கீழ் விளிம்பில் கனமான சங்கிலி. படகு ஓட ஓடச் சங்கிலி கடலடியை உரசிக்கொண்டே வரும்; மிரண்டு கிளம்பும் இறாலும் மீனும் பைக்குள் விழுந்து வால்பக்கம் சேரும். குஞ்சுகள் தப்பட்டும் என்று அந்த வால்பகுதியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என விதி வைத்தார்கள். விதிப்படி வலை இருந்தாலும் பெரும்பாலான குஞ்சு தப்புவதில்லை. ஏனென்று தெரிய, சின்ன வெங்காயம் கட்டி வரும் வலைச் சாக்கை எடுத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். ஓட்டையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சாய்சதுரக் கண்ணிக்கும் தண்ணீருக்குள் இதே கதிதான். கண்ணி சதுரமாக நிற்கும்படி வலையைத் திருப்பித் தைத்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் மூடாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தச் சதுரக் கண்ணியைத்தான் சொல்லிவருகிறது. தடைக்காலத்தை இன்னும் பத்து நாள் நீட்டுவதைவிட இந்தத் தையல் வேலை கடலுக்கு அதிக நன்மை செய்யும் என்பது என் எண்ணம்.

இந்தப் படகுகள் ஓடும் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். வெயில் அடிவரை இறங்குவதால் கடல்தாழை எனும் கடற்புல் செழித்துக் கிடக்கிறது. இறால் குஞ்சு வளர்வது அதற்குள். ஆவுளியா எனும் கடல்பசு மேய்வதும் அதைத்தான். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. சங்கிலி போகும் இடத்தில் தாழை வேரோடு பெயர்ந்துவிடும். கரையையொட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதி. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறையும் பாக் விரிகுடாவில் உண்டு.

சிக்கல் என்னவென்றால், கரையோரத் தடைப்பகுதியைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே இலங்கை எல்லை வந்துவிடும். நூற்றுக்கணக்கான படகுகளுக்கு அந்த இடுக்கில் இடமேது? தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் வலை அறுபட்டு நிற்பவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தது. மீனவர் சிறைபிடிப்பு என்ற செய்தியோடு நாம் நிறுத்திக்கொள்வதால் அவர்கள் இழப்பு நம் காதுக்கு வருவதே இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

மடியில் ஏறுவதில் சாப்பிட விற்க முடியாத பொடிமீன் நிறைய. கழிசல் என்று ஒதுக்கி, காயவைத்து, அரைத்து, மீன்தூளாகக் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். வளர விட்டிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் மீன்களின் குஞ்சுகளும் அதில் உண்டு. ஆக, கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நம் ஊரில், மீனே தொடாதவர் வாங்கும் கோழியும் முட்டையும்கூடக் கடலைத் தின்று வந்ததாக இருக்கலாம்.

இழுவைப் படகை விட்டு மாற வழி இல்லாமல் இல்லை. 2,000 படகுகளைச் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017-இல் ஒரு திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய், அதில் 70 விழுக்காடு மானியம். மிகச் சிலரே மாறினார்கள். மீனவர்களுக்கு மனமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். இன்று போய் நாளை காலை கரை சேர்ந்து பழகியவர் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போட வேண்டும். தொழில் புதிது, மீதி 24 லட்சமும் அவர் தலையில். இன்னொரு பக்கம், மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்துக்கு 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பிழைப்பு கையைவிட்டுப் போகாத மாற்றமென்றால் கடற்கரை மக்கள் ஏற்கத்தான் செய்கிறார்கள்.

இங்கே நாம் செய்ய முடிந்ததும் உண்டு. வஞ்சரம் ஏறத்தாழ முக்கால் மீட்டர் வளர்ந்தால்தான் சினைப்படும். முழங்கை நீளக் குட்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாமென்று சொல்லுங்கள். சாளை ஓராண்டுக்குள் வளர்ந்து சினைப்பட்டுவிடும், வளர்ந்ததைத் தயங்காமல் வாங்கலாம். மே மாதத்தில் அணை, குளத்துக் கட்லாவும் ஜிலேபியும் போதும். குட்டி மீன் கூடையில் மிஞ்ச ஆரம்பித்தால் வியாபாரி அடுத்த ஏலத்தில் அந்தப் பெட்டியை எடுக்க யோசிப்பார்.