உஷார்! 2090-ஐ 106 ஆக்கும் கோடு

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆலை வாசலருகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 2090 மைக்ரோகிராம். வரையறை 400.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 2090 முழுசாக ஒரு மணி நேரம் நீடித்தது, மிச்ச 23 மணி நேரமும் காற்றில் வெறும் 20 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய 24 மணி நேரச் சராசரி 106. கால் மணி நேரம்தான் நீடித்தது என்றால் 42. இதை நாள்வாரிக் கோட்டு வரைபடமாக எக்செல்லில் போட்டால், 400 என்ற எல்லைக்கோட்டுக்கு வெகு கீழே ஒரு சின்ன மேடு தெரியும். ஊரே மூச்சுத் திணறி ஓடிய ராத்திரி, படத்தில் ‘எல்லாம் வரம்புக்குள்’. கசிவு நள்ளிரவைத் தொட்டு நடந்தால் இன்னும் மோசம். பாதி ஒரு தேதியிலும் பாதி அடுத்த தேதியிலுமாகப் பங்கு பிரிந்து, அந்த மேடும் கரைந்துபோகும்.

இதில் யாரும் எண்ணைத் திருத்தவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. மென்பொருளில் ஒரு தேர்வை மாற்றாமல் விட்டதுதான் நடந்தது. அதனால்தான் இந்த எச்சரிக்கை. வார்டு கூட்டத்துக்கும், கல்லூரி புராஜெக்ட்டுக்கும், பசுமைத் தீர்ப்பாயத்து மனுவுக்கும், வாட்ஸ்அப் குழுவுக்கும் வடசென்னைக் காற்றை வரைபடமாகப் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். மணலி, மணலி கிராமம், ராயபுரம், கொடுங்கையூர் நிலையங்களின் தரவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கும்போதே 15 நிமிடமா, 1 மணியா, 24 மணியா என்று அந்தத் தளம் கேட்கும். கோப்பு சின்னதாக இருக்கட்டும் என்று 24-ஐ அழுத்துகிறவர், அம்மோனியா ராத்திரியை அங்கேயே அழித்துவிடுகிறார். 15 நிமிடத் தரவை எடுங்கள். கனமான கோப்புதான், எடுங்கள்.

அந்த 400-ஐயும் கவனிக்க வேண்டும். 2009-ல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோலில் அது 24 மணி நேரச் சராசரிக்கான எல்லை. ஆண்டுச் சராசரிக்கு 100. மணிவாரி ஏற்ற இறக்கத்தின் மேல் 24 மணி நேர எல்லையைக் கிடைக்கோடாக வரைந்தால், அது எந்த எல்லை என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே உங்கள் படத்தைக் கிழித்துவிடுவார். கிழிப்பதில் நியாயமும் இருக்கும்.

அடுத்த ஆபத்து, இல்லாத தரவு. நிலையத்தில் மின்சாரம் போகும், கருவி பழுதாகும், இணைப்பு அறுந்துபோகும். அதே 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலில் வடசென்னை தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்துக் கட்டங்களில் எண் இருக்காது. வரைபடம் போடுகிறவர் அதை எப்படிக் காட்டுகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எக்செல்லில் ‘செலக்ட் டேட்டா’வுக்குள் போனால் ‘ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதில் மூன்று வழிகள்: வெற்றிடமாக விடு, பூஜ்யமாகக் காட்டு, முன்பின் புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடு. மூன்றாவது கண்ணுக்கு அழகு, ஆனால் விஷம். கருவி மூன்று நாள் செத்துக் கிடந்த இடத்தில் சமர்த்தான ஒரு நேர்கோடு ஓடும். பார்க்கிறவர் மூன்று நாளும் காற்று அமைதியாக இருந்ததாக நினைத்துக்கொள்வார். பூஜ்யமோ அதைவிடப் பெரிய அக்கிரமம். வெற்றிடமாக விடுங்கள். கோடு அறுந்து தெரியட்டும். கருவி ஏன் நின்றது என்று நாலு பேர் கேட்கட்டும்.

வெற்றிடம் என்று தேர்ந்துவிட்டதால் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. காலிக் கட்டத்தில் ஏதாவது எழுத்து, வெறும் கோடுக்குறியாக இருந்தால்கூட, எக்செல் அதைக் காலி என்று எடுத்துக்கொள்ளாது. பூஜ்யமாக எண்ணிக் கோட்டைத் தரைக்கு இறக்கிவிடும். வரைவதற்கு முன் அந்த எழுத்துகளைத் தேடி அழித்துவிடுங்கள்.

தேதியும் கழுத்தறுக்கும். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால், புயல் அடித்த 04-12-2023-ஐ அது ஏப்ரல் 12 என்று படித்துக்கொள்ளும். 26-12-2023-க்கு 26-வது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். டிசம்பர் புயல் கோடையில் போய் உட்கார, அம்மோனியாக் கசிவு தேதியே இல்லாமல் தொங்கும். உலகத் தளங்கள் சிலவற்றில் நேரம் யூ.டி.சி. கணக்கில் இருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதைச் சேர்க்காவிட்டால் நள்ளிரவு 12:30-க்கு நடந்தது முந்தின நாள் மாலை 7 மணிக்கு நடந்ததாகத் தெரியும். ஆலையில் எந்த ஷிப்ட் வேலையில் இருந்தது என்ற கேள்வி எழும்போது இது சின்ன விஷயம் அல்ல.

‘ஸ்மூத்டு லைன்’ என்ற அலங்காரத்தைத் தொடவே வேண்டாம். புள்ளிக்குப் புள்ளி வளைத்து மெழுகி, அளக்கப்படாத உயரத்தையும் பள்ளத்தையும் அது தானாக உண்டாக்கும். சில நேரம் மாசு பூஜ்யத்துக்குக் கீழேயே போய்வரும்.

செங்குத்து அச்சில் பயமுறுத்தலும் நடக்கும், மழுப்பலும் நடக்கும். மதிப்புகளுக்குள் வித்தியாசம் குறைவாக இருந்தால் எக்செல் அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காது. பி.எம். 2.5 நுண்துகள் 52-க்கும் 58-க்கும் நடுவே ஆடினால்கூட திருவொற்றியூரில் மலை முளைத்ததுபோல் இருக்கும். நம் பக்கத்து ஆட்கள் இந்த மலையை வைத்துப் பீதி கிளப்புவதையும் நான் ஏற்கவில்லை. ஒருமுறை அம்பலப்பட்டால், அடுத்து உண்மையான கசிவு வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு நிலையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அச்சு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘செகண்டரி ஆக்ஸிஸ்’ போட்டு எந்த இரண்டு கோடுகளையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடலாம்.

அளவுகோல் மாறினால் கோட்டை நிறுத்திவிடுங்கள். ஒட்டுமொத்த மாசுக் குறியீட்டில் மணலிக்கு 2009-ல் 76.32, 2018-ல் 84.15. இரண்டையும் இணைத்து ‘ஏறுமுகம்’ என்று போட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் 2016-ல் அந்தக் குறியீட்டைக் கணக்கிடும் முறையையே மாற்றிவிட்டார்கள். வேறு வேறு படியால் அளந்த அரிசியை ஒரே கணக்கில் எழுதுகிற வேலை அது. செல்போன் செயலிகளிலும் இதே வில்லங்கம்தான். பி.எம். 2.5 அளவு 60 என்றால் இந்தியக் குறியீட்டில் அது 100, ‘திருப்திகரம்’. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150-ஐத் தாண்டி ‘கேடு’. எந்தக் குறியீடு என்று சொல்லாத கோட்டை ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

ஒரே ஒரு நிலையத்தின் கோடு இறங்குவதைக் கண்டும் மயங்க வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. ராயபுரத்து மொட்டை மாடிகளில் கரி படிவது குறைந்தால் அந்த மக்களுக்கு அது நிஜமான விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கரி மாயமாகிவிடவில்லை. வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரக் கோட்டை மட்டும் காட்டி ‘வடசென்னைக் காற்று சுத்தம்’ என்று யாராவது மேடையில் சொன்னால், எண்ணூர்க் கோட்டையும் அதே படத்தில், அதே அச்சில் போடச் சொல்லுங்கள்.

இனி ஒரு வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், எந்த நிலையம், எத்தனை நிமிடச் சராசரி, விட்டுப்போன நேரம் எங்கே, அச்சு எங்கே தொடங்குகிறது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் மேலே அனுப்பாதீர்கள். ராத்திரி வாடை குப்பென்று மூக்கில் ஏறினால் செல்போனைத் திறந்து கோடு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள்; பக்கத்து வீட்டுப் பெரியவர்களையும் எழுப்புங்கள்; 112-க்கோ 108-க்கோ போன் போடுங்கள். மணி என்ன என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். தரவு வரும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பு வேண்டும்.