மாத்திரை டப்பாவில் ஒரு விரியன்

அம்மாவுக்குப் பாம்பென்றால் நடுக்கம். டி.வி.யில் பாம்பைக் காட்டினாலே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வார். ஒருநாள் காலை அவர் மாத்திரை டப்பாவைத் திறந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. “நீ தினமும் போடுற பிரஷர் மாத்திரையே பாம்பு விஷத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சதுதாம்மா” என்றேன். கையில் எடுத்த மாத்திரையை டப்பாவுக்குள் திருப்பிப் போட்டுவிட்டார். “அதுல ஒரு சொட்டு விஷம்கூடக் கிடையாது” என்று புரியவைத்து, மறுபடி விழுங்க வைப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

அவர் போடுவது ராமிப்ரில். எனலாப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடியும் பெயர் உங்கள் வீட்டு மாத்திரை அட்டையிலும் இருக்கக்கூடும். எல்லாம் ஒரே வம்சம். வம்சத்துக்கு மூதாதை, பிரேசில் நாட்டு விரியன் ஒன்று.

ஜராராகா காட்டிய இடம்

அந்த விரியனின் பெயர் ஜராராகா. அது கடித்தவர்களில் சிலருக்கு ரத்த அழுத்தம் தடாலென்று சரியும், மயங்கி விழுவார்கள். ஏன் சரிகிறது என்று தேடிய பிரேசில் விஞ்ஞானி மவுரிசியோ ரோச்சா இ சில்வாவும் அவருடைய கூட்டாளிகளும் 1949இல் பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அது பாம்பின் சரக்கு அல்ல. நம் ரத்தத்திலேயே ஒரு புரதத்துக்குள் ஒளிந்திருப்பது. விஷம் பட்டதும் அதிலிருந்து அறுபட்டு வெளியே வந்து, ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது.

ஆனால் பிராடிகைனினுக்கு ஆயுள் மிகக் குறைவு. உடம்பில் இருக்கும் நொதிகள் நொடிகளில் அதைத் தின்றுவிடும். அப்படியிருக்க, பாம்புக் கடியில் அதன் வேலை இவ்வளவு நேரம் நீடிப்பது எப்படி? இதற்கு விடை சொன்னவர் செர்ஜியோ ஃபெரேரா. ஜராராகா விஷத்தில் சின்னஞ்சிறு புரதத் துண்டுகளும் இருக்கின்றன, அவை அந்த நொதிகளைக் கட்டிப்போட்டுவிடுகின்றன என்று 1965இல் காட்டினார். பிறகு அந்தச் சரக்கை லண்டனில் ஜான் வேன் என்பவரின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். வேனுக்கு வேறொரு சந்தேகம். ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளைத் தயாரிக்க ஒரு நொதி இருக்கிறதே, அதையும் இது தடுக்குமோ? தடுத்தது. குழாயைத் தளர்த்தும் பொருளை அழிப்பதும், இறுக்கும் பொருளைத் தயாரிப்பதும் ஒரே நொதிதான். விரியன் போய்க் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்.

அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனம் அந்தப் புரதத் துண்டையே முதலில் மருந்தாக்கிப் பார்த்தது. அழுத்தம் இறங்கியது. ஆனால் வாய்வழி கொடுத்தால் வயிறு அதைப் பருப்புபோலச் செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும். வாழ்நாள் முழுக்க நீடிக்கும் பிரஷருக்கு அது ஆகிற காரியமா? டேவிட் குஷ்மன், மிகுவேல் ஒன்டெட்டி என்ற இருவரும் புரதத்தைக் கைவிட்டு, அந்த நொதியின் வாயில் அச்சாகப் போய் அடைத்துக்கொள்ளும் சிறிய மூலக்கூறு ஒன்றை 1975இல் செய்தார்கள். அதுதான் கேப்டோப்ரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கந்தகம் சேர்ந்த மாத்திரை என்பதால் அட்டையைப் பிரித்தால் லேசாக அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதைப் பாம்பின் வாடை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாம்பு இடத்தைக் காட்டியதோடு சரி. பாம்பைக் கொடுத்த பிரேசிலுக்குக் காப்புரிமையில் பங்கு ஏதும் வரவில்லை என்ற கசப்பு அந்த நாட்டில் இன்றும் உண்டு. நியாயமான கசப்புதான்.

இந்த வரலாறு தெரிந்தால் ஒரு தொல்லைக்கும் காரணம் புரியும். ‘ப்ரில்’ மாத்திரை போடுகிறவர்களில் கணிசமானவர்களுக்குச் சளியே இல்லாத வறட்டு இருமல் வருகிறது. நொதி கட்டுண்டு கிடப்பதால் பிராடிகைனின் நுரையீரல் பக்கம் தேங்கித் தொண்டையை அரிப்பதுதான் இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இதை அறியாமல் மாதக்கணக்கில் இருமல் டானிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு வகை மாத்திரைக்கு மாற்றிவிடுவார். தானாக நிறுத்திவிடக் கூடாது. உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் மட்டும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் இந்த வகை மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுவது கட்டாயம். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு இது ஆகாது.

நம்மூர் விரியன்கள்

பிரேசில் வரை போவானேன், நம் வயல் வரப்புப் பாம்புகளும் ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டன.

பாம்பு கடித்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஓர் எளிய சோதனை செய்வார்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் கொஞ்சம் ஆறுதல். தண்ணீராய் ஓடினால், கடித்தது பெரும்பாலும் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோதான்.

சுருட்டை விரியன் சின்னப் பாம்பு. உடம்பைச் சுருட்டிச் செதில்களை உரசி, ரம்பம் இழுப்பதுபோல ஒலி எழுப்பும். ரத்தம் உறைய வேண்டுமானால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ள வேண்டும். இதன் விஷத்திலிருக்கும் எக்கிஸ்டாட்டின் என்ற சிறு புரதம் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு கோக்கவிடாது. கடிபட்டவருக்கு அது உயிர்ப் போராட்டம். ஆனால் மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்துக் கிடப்பவருக்குத் தட்டணுக்கள் கைகோக்காமல் இருப்பதுதானே வேண்டும்? அந்தப் புரதம் பிடிக்கும் பிடியை மட்டும் நகலெடுத்துச் செய்த மருந்து டைரோஃபிபான். 1998இல் வந்தது. ஆஞ்சியோ செய்யும் இடத்தில், கட்டி பெரிதாகும் ஆபத்து இருந்தால், சொட்டு சொட்டாக ஏற்றுவார்கள். நிறுத்திய சில மணி நேரத்தில் தட்டணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விஷத்துக்கு இல்லாத இந்த அடக்கம்தான் அதை மருந்தாக்குகிறது. அதே ஆண்டில் வந்த எப்டிஃபிபடைடு அமெரிக்கக் குட்டைக் கிலுகிலுப்பைப் பாம்பைப் பார்த்துச் செய்தது.

கண்ணாடி விரியனின் கதை வேறு. இங்கே விஷமே நேராக வேலை செய்கிறது, ஆனால் உடம்புக்குள் அல்ல, சோதனைக் குழாயில். ரத்தம் உறையும் படிகளில் பத்தாம் காரணி என்று ஒன்று உண்டு. கண்ணாடி விரியன் விஷம் முந்தைய படிகளையெல்லாம் தாண்டி நேரே அதைத் தட்டி எழுப்பிவிடும். 1930களிலேயே லண்டனில் மக்ஃபார்லேன் என்ற மருத்துவர், ரத்தம் உறையாக் குறைபாடு உள்ளவர்களின் காயத்தில் இந்த விஷத்தை மிக மிக நீர்க்கச் செய்து தடவி, ரத்தத்தை நிறுத்தினார். இன்று அதே விஷம் ஒரு பரிசோதனைப் பொருள். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்ணுக்கும், இளவயதில் காலிலோ மூளையிலோ ரத்தம் கட்டியவருக்கும் ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீர்த்த விரியன் விஷத்தை ரத்த நீரில் கலந்து, உறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பதுதான் அந்தச் சோதனை. இருப்பது தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘ரஸ்ஸல்’ஸ் வைப்பர்’ என்று பார்த்துப் பயந்து போன் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வைப்பர் குழாயோடு நின்றுவிட்டது.

பல்லி ஒன்று, நத்தை ஒன்று

அமெரிக்கப் பாலைநிலத்தில் கிலா மான்ஸ்டர் என்று நச்சுப் பல்லி இருக்கிறது. வருஷத்தில் சில வேளைதான் சாப்பிடும். நியூயார்க்கின் ஜான் எங் என்ற மருத்துவர் அதன் விஷத்திலிருந்து 1992இல் எக்ஸெண்டின்-4 என்ற பொருளைப் பிரித்தார். சாப்பிட்டதும் நம் குடலிலிருந்து ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் சுரந்து, இன்சுலினைச் சுரக்கச் சொல்கிறது. ஆனால் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடுகிறது. பல்லியின் பொருள் அதே வேலையைச் செய்து மணிக்கணக்கில் நிற்கிறது. 2005இல் அது எக்ஸெனடைடு என்ற சர்க்கரை ஊசியானது. இன்று உடல் எடைக்காகவும் பேசப்படும் செமாக்ளுடைடு போன்றவை மனித ஹார்மோனை மாற்றிச் செய்தவை, பல்லியிலிருந்து அல்ல. ஆனாலும் அந்தப் பாதையில் முதலில் நடந்தது பல்லி.

நத்தைக்கு வருவோம். கூம்பு வடிவச் சங்குகளை ராமேஸ்வரம், கன்னியாகுமரிக் கடைகளில் அழகுக்கு விற்கிறார்கள். உள்ளே உயிர் இருந்தபோது அது வேட்டைக்காரன். பல்லை ஈட்டிபோல எறிந்து மீனை முடக்கிப் பிடிக்கும். ஒரு வகை மனிதரையே கொன்றிருக்கிறது. அதனால் கடலில் உயிரோடு இருக்கும் கூம்புச் சங்கைக் கையில் எடுக்கவே கூடாது. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவேராவின் அமெரிக்க ஆய்வகத்தில், மைக்கேல் மெக்கின்டோஷ் என்ற இளம் மாணவர் பிரித்தெடுத்த பொருள்தான் ஜிகோனொடைடு என்ற வலி மருந்தாக 2004இல் அனுமதி பெற்றது. தண்டுவடத்தில் வலிச் செய்தி தாண்டிச் செல்லும் கால்சியம் வாயிலை இது மூடிவிடும். மார்ஃபின்போல நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தேவையில்லை. ஆனால் முதுகுத்தண்டு நீருக்குள் பம்ப் வைத்துத்தான் செலுத்த வேண்டும். குழப்பம், மாயத்தோற்றம் எல்லாம் வரலாம். வேறெதற்கும் மசியாத வலிக்கு மட்டுமே.

நேராகப் போட்டுக்கொண்டால் என்ன?

இந்த இடத்தில்தான் விளம்பரக்காரர்கள் புகுந்துவிடுகிறார்கள். பாம்பு விஷத் தைலம், தேனீயைக் கொட்டவிட்டு மூட்டுவலி வைத்தியம் என்று. தேனீ விஷத்திலிருக்கும் மெலிட்டின் சில மார்பகப் புற்றுநோய் செல்களை அழித்ததாக ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் எழுதியது உண்மை. ஆனால் அது ஆய்வகத் தட்டிலும் எலியிலும். மெலிட்டின் நல்ல செல்லையும் கிழிக்கும். ஸ்பெயினில் 55 வயதுப் பெண் ஒருவர் இரண்டு ஆண்டுகளாகத் தேனீ கொட்டு வைத்தியம் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் கொட்டியதும் ஒவ்வாமையில் சரிந்தார், பிழைக்கவில்லை. அதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது அவரைக் காக்கவில்லை.

ஒரு விஷம் என்பது ஒரு பொருள் அல்ல. பத்து, நூறு பொருள்களின் கூட்டு. அதில் ஒன்றைப் பொறுக்கி, தீமையைக் கழித்து, அளவு கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலானவை வழியிலேயே விழுந்துவிடுகின்றன. மலேயாக் குழிவிரியனிலிருந்து வந்த ஆன்க்ரோட் பக்கவாதத்துக்கு உதவும் என்று பெரிதாக எதிர்பார்த்தார்கள். கடைசி ஆய்வுகளில் நிற்கவில்லை.

வடநெம்மேலிப் பானைகள்

விஷத்தைக் கொண்டு செய்யும் மருந்துகளில் பழையது, விஷமுறிவு ஊசி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியில் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும்: கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழையுங்கள். கட்டு விரியன் கடி வலிக்காமலும் இருக்கும்; இமை தானாகத் தொங்குவது முதல் அடையாளமாக இருக்கலாம்.

அந்த ஊசிக்கான விஷத்தில் பெரும்பங்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியிலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தை மட்டும் எடுப்பார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எடுக்கும் விஷம் காய்ந்து பொடியாகி மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அங்கே குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் முறிவைப் பிரிப்பார்கள். பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுவதால், இங்கே எடுத்த விஷத்தில் செய்த ஊசி வடக்கே சில இடங்களில் அவ்வளவாக எடுபடுவதில்லை என்பதையும் ஆய்வாளர்கள் காட்டிவருகிறார்கள்.

பாம்புகளை மண்பானையில் வைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். மூன்று வாரத்தில் நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். சில தடவை சட்டை உரித்ததும் அந்த அடையாளம் மறைந்துபோகும். அதுவரை எந்த இருளர் கையில் சிக்கினாலும், வயிற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் அதைப் போகவிடுவார்.