மொய் நோட்டு இல்லாத மொய்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வாசல் அருகே ஒரு மேசை இருக்கும். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், பக்கத்தில் இருப்பவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். பதினைந்து வருடம் கழித்து மொய் செய்தவர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வரும்போது பீரோவிலிருந்து நோட்டு வெளியே வரும். ஐநூறு செய்தவருக்கு ஐநூறோடு கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, இருந்தும் இந்தக் கணக்கு தப்புவதில்லை.

கடல் தாண்டி இருக்கும் முகம் தெரியாத நோயாளிக்காகப் பணம் கேட்பது இதைவிடக் கடினமான வேலை. கொடுத்தவருக்குத் திரும்ப மொய் வராது. திரும்பி வரக்கூடியது ஒரு கடிதம் மட்டுமே: வாங்கிய பணம் இன்னின்னதற்குச் செலவானது, இத்தனை பேர் பிழைத்தார்கள், இவ்வளவு மீதி. நன்கொடை திரட்டுவது என்றால் உருக்கமான படம் போட்டுக் கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒருமுறை வாங்க அது போதும். இரண்டாம் முறை வாங்க அந்தக் கடிதம் வேண்டும்.

இந்தக் கலை நமக்கு எங்கிருந்தோ வந்த புதுசு இல்லை. கிழக்கே போனால் கடற்கரையில் தரங்கம்பாடி. 1706-ல் டென்மார்க் அரசர் அனுப்பிய மதபோதகர் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் நின்றவர் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அனாதை இல்லம் நடத்திய பிராங்கே. 1695-ல் தன் உண்டியலில் யாரோ போட்ட நான்கு தாலர், பதினாறு குரோஷன் காசை எடுத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களை 1710 முதல் அவர் அச்சிட்டு ஐரோப்பா முழுக்க அனுப்பினார். ஊர், வெயில், காய்ச்சல், சாவு எல்லாம் அதில் இருந்தன. படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள், லண்டனிலிருந்து அச்சு இயந்திரமே வந்தது. ஹாலே இல்லத்தின் மருந்துக்கடை சம்பாதித்துக் கொடுத்ததோடு தரங்கம்பாடிக்கு மருந்தும் அனுப்பியது. 1730-களிலேயே அங்கிருந்து மருத்துவர்களும் வந்தார்கள். நோக்கம் மதம் பரப்புவது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நன்கொடையாளருக்குத் தவறாமல் செய்தி அனுப்பும் முறையை இன்றைய பெரிய தொண்டு நிறுவனங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

அரியலூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, எதிர்த்திசையில். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் இருந்த காலத்தில் அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயருக்கு ராஜபிளவை என்ற கட்டி வந்தது, முனிவர் குணப்படுத்தினார், மகிழ்ந்துபோன பாளையக்காரர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்று அங்கே சொல்வார்கள். சிகிச்சை செய்தவர் இத்தாலிக்காரர், நன்கொடை கொடுத்தவர் உள்ளூர்க்காரர்.

வேலூருக்கு வந்தால் கதை பெரிதாகிறது. மருத்துவர் ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் கேட்டு வாங்கிய முதல் பெரிய தொகை 10,000 டாலர். ஷெல் என்ற செல்வர் தன் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்தார். 1902-ல் அந்த மனைவியின் பெயரில் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. பிறகு அமெரிக்கப் பெண்கள் ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்குச் சேர்த்து நிதி திரட்டியபோது வேலூரும் அதில் ஒன்று. ராக்பெல்லர் குடும்ப நிதியம் போட்ட நிபந்தனையைக் கவனியுங்கள்: நீங்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம். சர்ச்சுகளிலும் வீட்டுக் கூட்டங்களிலும் சில்லறை சில்லறையாகச் சேர்த்தார்கள். ‘உன் இரண்டு டாலர் மூன்றாகும்’ என்று சொல்ல முடிந்ததே பாதி வெற்றி. பெரிய கொடையாளர் ஒருவர் கிடைத்தால் அவர் பணத்தை உடனே வாங்கிப் பையில் போடாமல், அதைக் காட்டி நூறு சிறிய கொடையாளர்களைக் கூட்டும் இந்த உத்தி இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். வேப்பந்தட்டையில் காசநோயாளிகளுக்குச் சத்துணவு கொடுக்கும் சிறிய அறக்கட்டளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். லண்டனில் இருக்கும் ஒரு சங்கம் ஐந்து லட்சம் ரூபாய் அனுப்ப விரும்புகிறது. அனுப்பு என்று வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட முடியாது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். அதை எல்லோரும் எஃப்சிஆர்ஏ என்பார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் பிறந்த சட்டம், 2010-ல் புதிதாக எழுதப்பட்டு, 2020-ல் மேலும் இறுக்கப்பட்டது. பதிவு வேண்டுமானால் அமைப்புக்குக் குறைந்தது மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் தன் பணியில் 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து இறங்கும் கணக்கு டெல்லியில், நாடாளுமன்றச் சாலை ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இருக்க வேண்டும். வேப்பந்தட்டையில் முட்டை வாங்க வேண்டிய பணம் டெல்லியைத் தொட்டுவிட்டுத்தான் இங்கே வரும்.

இவை எல்லாவற்றையும்விடச் சிற்றூர்களை அதிகம் தாக்கியது வேறொரு விதி. 2020-க்கு முன்னால், பதிவு பெற்ற பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டில் நிதி வாங்கி, பதிவு பெற்ற சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. இப்போது கூடாது. வாங்கியவரே செலவழிக்க வேண்டும். சென்னையிலோ டெல்லியிலோ ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். குன்னத்திலோ செந்துறையிலோ நோயாளியின் வீடு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இருவருக்கும் இடையே இருந்த வாய்க்காலை அடைத்தாகிவிட்டது. தவறாகப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் களையைப் பிடுங்கப் போய் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு இப்போது 20 சதவீதமே உச்சவரம்பு, முன்பு 50. மருத்துவரின் சம்பளமும் நேரடியாகக் களத்தில் வேலை செய்பவரின் சம்பளமும் இதில் சேராது. கணக்கு எழுதுபவரின் சம்பளம், அலுவலக வாடகை, கரண்ட் பில் எல்லாம் சேரும். ‘எங்களுக்கு நிர்வாகச் செலவே கிடையாது’ என்று பெருமை அடிக்கும் அமைப்புகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மொய் எழுதும் மேசையில் எண்ணுபவர் மட்டும் போதும், எழுதுபவர் வேண்டாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

நம் மாவட்டங்களில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்கும், ஜெயங்கொண்டம் பக்கமிருந்து சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஏராளம். அண்ணன் தம்பி இருவர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அண்ணன் அங்கே பிஆர் என்ற நிரந்தர வசிப்புரிமை மட்டும் வாங்கி இந்தியப் பாஸ்போர்ட்டையே வைத்திருக்கிறார். தம்பி அந்நாட்டுக் குடியுரிமை பெற்று சிவப்புப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டார். ஊரில் உள்ள அறக்கட்டளைக்கு ஆளுக்கு ஐம்பதாயிரம் கொடுக்கிறார்கள். அண்ணன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. தம்பி அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும். ஒரே வீட்டுப் பணம்தான், ஒன்றுக்கு எஃப்சிஆர்ஏ வேண்டாம், மற்றொன்றுக்கு வேண்டும். இது தெரியாமல் சாதாரணக் கணக்கில் வாங்கிப் போட்டால் சட்டத்தை மீறியதாகிவிடும்.

வெளிநாட்டை விடுங்கள், அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் இருப்பதால் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. உள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கருவி வேண்டும் என்றால் லண்டனுக்குக் கடிதம் எழுதுமுன் ஆலை வாசலில் மனு கொடுப்பது நல்லது. ஆனால் இந்தப் பணம் நாட்டுக்குள்தான் செலவாக வேண்டும். பக்கத்து நாட்டில் பஞ்சம் என்றாலும் இந்தக் கணக்கிலிருந்து அனுப்ப வழியில்லை.

பக்கத்து நாட்டில் பஞ்சம் வரத்தான் செய்தது. 2022-ல் இலங்கையிடம் டாலர் தீர்ந்தது. எரிபொருள், பால்மாவு, மருந்து எதுவும் வாங்க முடியவில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஏப்ரல் 29 அன்று தீர்மானம் போட்டது: 80 கோடி ரூபாயில் 40,000 டன் அரிசி, 28 கோடியில் 137 வகை உயிர்காக்கும் மருந்து, 15 கோடியில் 500 டன் பால்பவுடர். மொத்தம் 123 கோடி. ஒரு மாநில அரசு வேறொரு நாட்டுக்குத் தானாக எதையும் அனுப்ப முடியாது, ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும். அதைக் கேட்கத்தான் அந்தத் தீர்மானம். மே மாதத் தொடக்கத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பொதுமக்களிடம் நிதி கேட்டார், பணம் முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் போனது. யாசகம் எடுத்துச் சேர்த்த பத்தாயிரத்தைக் கலெக்டர் அலுவலகங்களில் கொண்டுபோய்க் கொடுத்து வந்த முதியவர் ஒருவரைப் பற்றி அந்த நாட்களில் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

முதலில் இலங்கைத் தமிழர்களுக்கு அனுப்புவது என்றுதான் பேச்சு எழுந்தது. அங்கிருந்த தமிழ்த் தலைவர்களே, எங்களுக்கு என்று பிரிக்காதீர்கள், எல்லா மக்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள் என்றார்கள். இதை முதல்வரே சட்டமன்றத்தில் சொன்னார். மனிதாபிமானப் பணியில் உள்ளவர்கள் பாரபட்சமின்மை என்று பெரிய சொல்லில் பயிற்சி வகுப்பு நடத்துவது இதைத்தான். மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசி, 200 டன் பால்பவுடர், 24 டன் மருந்தோடு முதல் கப்பல் புறப்பட்டது. நான்கு நாளில் கொழும்பில் இந்தியத் தூதர் அதை இலங்கை அரசிடம் ஒப்படைத்தார். ஜூனில் ஐக்கிய நாடுகள் அமைப்பும் இலங்கைக்காக ஒரு வேண்டுகோள் விடுத்தது. நான்கு மாதத்துக்கு, 17 லட்சம் பேருக்கு, 4 கோடியே 72 லட்சம் டாலர். நிதி கேட்பவர் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இந்த இரண்டும் நல்ல பாடம். என்ன பொருள், எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்துக்கு, என்ன விலை. ‘உதவுங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கிளம்பவில்லை.

சுனாமிக் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2004 டிசம்பர் கடைசியில் உள்மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணி நாகப்பட்டினத்துக்குப் போனது. யாரும் கேட்காத துணி சாலையோரத்தில் குவிந்து மழையிலும் வெயிலிலும் கிடந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போ, 2005 ஜனவரி தொடக்கத்திலேயே, சுனாமிக்குத் தேவையான அளவு வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்பாதீர்கள் என்று அறிவித்தது. வந்ததில் மிஞ்சியதை வேறு நாடுகளின் நோயாளிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. பெரும்பாலானோர் சரி என்றார்கள். மற்ற அமைப்புகள் சில முணுமுணுத்தன, வருகிற பணத்தை இவர்கள் கெடுக்கிறார்களே என்று. ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறு காரியத்துக்கு எடுப்பது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கொடுத்தவரைக் கேட்காமல் செய்யக் கூடாத வேலை. ஆகவே ரசீதிலேயே ‘தேவைக்கு மேல் வந்தால் இன்னதற்குப் பயன்படுத்துவோம்’ என்று ஒரு வரி அச்சடித்து வைக்கும் அமைப்பு விவரமானது.

கொடுப்பவருக்குச் சில நடைமுறை விவரங்கள். 80ஜி என்று நாம் பழகிய வரிவிலக்கு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த விலக்கும் கிடைக்காது. நேராக வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்ப விரும்பினால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வங்கி வழியே அனுப்பலாம், ஆனால் அதற்கு 80ஜி இல்லை. பஸ்ஸில் ஏறி, குழந்தை படம் ஒட்டிய டப்பாவைக் குலுக்குபவரிடம் அமைப்பின் பதிவு எண்ணையும் பான் எண்ணோடு கூடிய ரசீதையும் கேளுங்கள். கோபப்பட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவை இணையத்தில் போட வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், வெளியிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. உங்கள் ஊர் அறக்கட்டளைக்கு நீங்கள் கொடுத்திருந்தால் ஜனவரியில் ஒருநாள் போய் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.