தீபாவளியும் வாயில்லா ஜீவன்களும்

தீபாவளிப் பண்டிகை வருஷந்தோறும் நம் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரும் களிப்பை நாம் இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. எண்ணெய் ஸ்நானம், புது வஸ்திரம், பலகாரம், ‘கங்கா ஸ்நானம் ஆயிற்றா?’ என்னும் க்ஷேம விசாரணை ஆகிய இவற்றில் ஒன்றையும் குறைத்துக்கொள்ளும்படி சொல்ல நாம் முன்வரவில்லை. நாம் இன்று பிரஸ்தாபிக்க விரும்புவது, அந்த விடியற்காலத்தில் நம் வீட்டுக் கட்டிலடியிலும், தெருவில் நிற்கும் வண்டிகளினடியிலும் நடுநடுங்கிக் கிடக்கும் நாயைப் பற்றியதாகும். தேசத்தில் எத்தனையோ பெரிய காரியங்கள் காத்திருக்க, பத்திராதிபர் நாய்க்காகப் பேனா எடுப்பானேன் என்று நம் நண்பர்களிற் சிலர் நகைக்கக் கூடும். நகைத்துவிட்டு மேலே படிப்பார்களாக.

மனிதனுடைய செவி ஒரு விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்க வல்லது. நாயின் செவியோ சுமார் 45,000 வரை கேட்கும். நம் செவிக்கு எட்டாத மெல்லிய ஓசையும் அதற்கு எட்டும். வெடி வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெஸிபலுக்கு மேற்பட்ட சத்தமுடைய வெடிகள் கூடாவென்று சட்டம் விதித்திருக்கிறது. அந்த எல்லைக்குட்பட்ட வெடியே நம்மைத் திடுக்கிடச் செய்வது. ஆனால் நமக்கு இன்ன நாளில் இன்ன காரணத்தால் வெடிக்கிறார்களென்று தெரியும். நாய்க்குப் பஞ்சாங்கம் தெரியாது. எத்திசையிலிருந்து, எதற்காக, இன்னும் எத்தனை நாழிகை இந்த ஆபத்து வரும் என்பதொன்றும் அறியாத நிலையில் அது மூச்சிரைக்கிறது, எச்சில் ஒழுக்குகிறது, கதவைப் பிறாண்டுகிறது, மதிலைத் தாண்டி ஓடி, திரும்பும் வழியறியாமல் வண்டிச் சக்கரத்தில் சிக்கி மடிகிறது. அஞ்சிய நாய் கடிக்கவும் கடிக்கும். கடிபடுவது பெரும்பாலும் அதைச் சீண்டிய பிள்ளையாயிராமல், வழியே போகும் வேறொரு பிள்ளையாகவே இருக்கும். ஆகையால் இது ஜீவகாருண்யம் ஒன்றை மாத்திரம் பற்றிய விஷயமன்று.

இந்த நாய்ப் பரிவெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்களின் மேல்நாட்டு மோகம் என்பாருக்கு ஒரு சரித்திரச் செய்தியை நினைவூட்டுவோம். 1832-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாய் நகரில், கம்பெனி சர்க்காரின் ஆட்கள் சன்மானத்துக்காகத் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லத் தலைப்பட்டபோது, பார்ஸிகள் வெகுண்டெழுந்தார்கள். ஹிந்துக்களும் ஜைனர்களும் உடன் சேர்ந்தார்கள். கடைகள் அடைக்கப்பட்டன, வெள்ளைப் பட்டாளத்துக்குச் செல்ல வேண்டிய உணவுப் பொருள்களும் தடைப்பட்டன. ஹர்த்தால் என்னும் ஆயுதத்தை இந்நாட்டார் நாயின் பொருட்டும் எடுத்ததுண்டு! பைரவருக்கு வாகனமாகவும், தருமபுத்திரருக்கு இறுதி வழித்துணையாகவும் நாயை வைத்த தேசம் இது. அண்டையிலுள்ள நேபாளத்தில் இதே தீபாவளி நாட்களில் ஒரு நாளை நாய்க்கென்றே ஒதுக்கி, அதன் கழுத்தில் மாலையும் நெற்றியில் திலகமுமிட்டு உணவளிக்கிறார்கள்.

ஆயினும் குருட்டுத்தனமான பரிவை நாம் ஆதரிப்பவரல்லோம். ஆமதாபாத்தில் ஆலை முதலாளி ஒருவர் அறுபது நாய்களைக் கொல்வித்தது பற்றி 1926-இல் பெரும் விவாதம் மூண்டது. அப்போது காந்தியடிகள் அவர் செயலைத் தவிர்க்க முடியாத தீமையென்றே தமது ‘யங் இந்தியா’வில் எழுதினார்; உடையவனில்லாத நாய் திரிவது சமூகத்தின் குற்றமென்றார். கொலை விஷயத்தில் அடிகளுடைய முடிவை நம்மால் ஏற்க முடியவில்லை. இன்று கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளன. ஆனால் எச்சில் இலையை எறிவதோடு கடமை தீர்ந்ததென்று நினைப்பது தயையாகாதென்ற அவர் கருத்தை மறுக்க யாரால் முடியும்?

இனி, நாய் வளர்ப்போர் செய்யத்தக்கது யாது? இவ்விஷயமாக வரும் ஆங்கில நூல்கள் பெரும்பாலும் அந்நாட்டு வாணவேடிக்கை இரவுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவர்கள் தொல்லை பெரும்பாலும் இரவோடு தீர்ந்துவிடும். நம் நாட்டிலோ முதல் நாள் மாலையே ஆரம்பமாகி, விடியுமுன் உச்சத்தை அடைகிறது. ஆகையால் முதல் நாள் இருட்டுவதற்கு முன்பே நாயை நன்றாக உலாவச் செய்து, வயிறார உணவளித்து, உள்ளே சேர்த்துவிட வேண்டும். தெருவிலிருந்து மிகவும் உள்ளடங்கிய அறை எதுவோ அதில், ஜன்னல்களைச் சாத்தித் திரையிட்டு, பழகிய விரிப்பையும் தண்ணீரையும் வைத்து, விசிறியையோ வானொலியையோ ஓட விட்டால் வெளிச்சத்தம் ஓரளவு மட்டுப்படும். சங்கிலியிட்டுக் கட்டுவது பெருந்தவறு. அஞ்சிய நாய் இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும். அது மூலையில் ஒளிந்துகொண்டால் வெளியே இழுக்கலாகாது. தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்ற பழைய எண்ணத்தை மிருக வைத்தியர்கள் இன்று கைவிட்டு விட்டார்கள். அருகே வந்தால் அணைத்துக்கொள்ளலாம். கழுத்துப் பட்டையில் வீட்டாரின் தொலைபேசி எண் இருக்கட்டும். மனிதருக்குரிய மருந்தை ஒருக்காலும் கொடுக்கக் கூடாது. தூக்க மருந்துகளிலும் சில, உடலை மட்டும் முடக்கிவிட்டு அச்சத்தை உள்ளே அப்படியே வைத்துவிடும்; அது சித்திரவதையையொக்கும். பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்னரே வைத்தியரைக் கலந்துகொள்வதே முறை. தெரு நாய்க்கு இவ்வளவும் செய்ய இயலாது. அன்று ஒரு நாள் வீட்டு வாயிலையோ மாடிப்படியினடியையோ அதற்கு விட்டுக்கொடுத்தாற் போதும். அதன் வாலில் சரம் கட்டும் பிள்ளைகளின் தகப்பன்மார், அது விளையாட்டன்று, 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதை அறிந்துகொள்வது நலம்.

சிவகாசித் தொழிலாளியின் பிழைப்பில் நாம் மண்ணைப் போட முயல்கிறோம் என்று யாரும் கருத வேண்டாம். மத்தாப்பும் பூச்சட்டியும் சக்கரமும் அவ்வூரார் கைவேலையே. நாயைக் கலக்குவது பெரும்பாலும் அணுகுண்டு முதலிய வெடிகளேயன்றி ஒளி சிந்துபவையல்ல. விநோதம் என்னவெனில், வெடிக்குப் பேர்போன சிவகாசியும், 2005-இல் தபால் முத்திரை பெற்ற நாயினத்துக்குப் பேர்போன இராஜபாளையமும் ஒரே விருதுநகர் ஜில்லாவில் இருக்கின்றன.

சட்டம் இல்லாமற் போகவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடி கூடாதென்று 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2018-இல் நாளொன்றுக்கு இரண்டே மணி நேரமென்று அக்கோர்ட்டு குறுக்க, காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் என நம் மாகாண சர்க்கார் நேரம் வகுத்தது. அந்த நேரத்தோடு நிறுத்திய தெருவை நாம் இதுவரை கண்டதில்லை. போலீஸார் வீடுதோறும் நின்று காவல் புரிவதும் ஆகிற காரியமன்று. ஆனால் சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தையடுத்த கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தார், கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் கலையுமென்று பல தசாப்தங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தக் கோர்ட்டும் அவர்களுக்கு உத்தரவிடவில்லை. சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு நாம் முன்னாளில் கொண்டிருந்த பொருள் அதுவேயல்லவா? எழுத்தறிவில்லாதாரும் பலர் வாழும் ஒரு சிற்றூர் தன்னைத் தான் ஆளும்போது, பட்டதாரிகள் நிறைந்த நம் நகரத் தெருக்கள் வாளாவிருப்பது நமக்கு வெட்கத்தையே தருகிறது.

முழு மௌனத்தை நாம் கேட்கவில்லை. அந்த 2018-ஆம் வருஷத்துத் தீர்ப்பிலேயே, பொதுவானதோர் இடத்தில் கூடி வெடிக்கும் வழக்கத்தை ஊக்க வேண்டுமென்று சொல்லப்பட்டிருக்கிறது. வட்டாரத்துக்கொரு மைதானத்தை நகரசபைகள் குறித்துக் கொடுக்குமானால், மற்றத் தெருக்கள் அமைதி பெறும். தீயணைப்புப் படையினரின் வேலையும் சுலபமாகும். பட்டாசுக் கடைகளுக்கு லைசென்ஸ் வழங்கும்போதே இம்மைதானங்களின் ஜாபிதாவையும் வெளியிடும்படி நகரசபை அங்கத்தினர்களை வற்புறுத்துமாறு நம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பண்டிகைக்கு முதல் நாள் மனுக் கொடுப்பதில் பிரயோஜனமில்லை; ஒரு மாதம் முன்பாகவே கொடுக்க வேண்டும்.