இல்லத்துத் தொட்டியிற் கடல்மீன் இனப்பெருக்கம்

கடல்வாழ் மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்துக் கண்டு மகிழ்தல் இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு பொழுதுபோக்காகும். இதனோடு ஈழநாட்டிற்குள்ள தொடர்பு பழமையானது. முருகைக்கற் பார்களில் வாழும் வண்ண மீன்களை உயிருடன் பிடித்துப் பிறநாடுகளுக்கு அனுப்புந் தொழில் 1930 ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே சிறிய அளவில் தொடங்கி, 1950 ஆம் ஆண்டுகளில் விரிவடைந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் சார்பில் 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அறிக்கை, அக்காலத்தில் ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2 கோடி 40 இலட்சம் வரையான கடல்மீன்கள் இவ்வாறு விற்கப்பட்டன என்றும், அவை 1,471 இனங்களைச் சேர்ந்தவை என்றும் கணக்கிட்டது. நன்னீர்த் தொட்டிகளில் வாழும் அழகு மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பண்ணைகளிற் பிறந்தவை. கடல்மீன்களிலோ அந்நிலை தலைகீழானது; அவற்றுட் பெரும்பாலானவை கடலிலிருந்தே பிடிக்கப்பட்டவை. இவ்வேறுபாடு எதனால் எழுந்தது? கடல்மீனை வீட்டிலே இனம்பெருக்குதல் இயலாத செயலா? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே.

கடல்மீன் தொட்டியில் முட்டையிடாது என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. நல்ல நீரும் நிறைந்த உணவும் பெற்ற பல இனங்கள் தொட்டியிலும் முட்டையிடுகின்றன. முட்டைகள் பொரிக்கவுஞ் செய்கின்றன. இடர் அதன் பின்னரே தோன்றுகின்றது. நன்னீரில் வாழும் குப்பி மீன் தன் குஞ்சுகளை முழுவளர்ச்சியுற்ற உருவோடு ஈனுகின்றது. அக்குஞ்சு பிறந்த அன்றே பொடித்த உணவை உண்ண வல்லது. முருகைப்பார் மீன்களிற் பெரும்பாலானவற்றின் முட்டைகளிலிருந்து வெளிவருவதோ குஞ்சன்று, குடம்பி. கண்ணாடி போலத் தெளிந்த உடலும், மிகச் சிறிய வாயும், ஓரிரு நாளுக்கே போதிய கருவுணவுங் கொண்ட அவ்வுயிர் கடலின் மேற்பரப்பில் மிதந்து, அங்கு நிறைந்துள்ள நுண்ணுயிர்களை வேட்டையாடி வளர்வது. அசையாத உணவை அஃது இரையென்று அறியாது. உரிய பருமனுள்ள உயிருணவு உரிய நேரத்திற் கிட்டாதாயின், முந்நூறு குடம்பிகள் இருப்பினும் சில நாளில் ஒன்றேனும் எஞ்சாது. ஆகவே கடல்மீன் இனப்பெருக்கம் என்பது மீனை வளர்க்கும் கலை என்பதினும், மீனின் முதலுணவை வளர்க்கும் கலை என்பதே பொருந்தும்.

இதனை விளக்குதற்குக் கோமாளி மீன் சாலச் சிறந்தது. அம்பிபிரியன் என்னும் சாதியைச் சேர்ந்த இம்மீன்களில் ஏறக்குறைய 30 இனங்கள் உள்ளன. மாலைதீவையும் இலங்கையையும் சூழ்ந்த கடற்பகுதிக்குச் சிறப்பாக உரிய ஓரினமும் அவற்றுள் உண்டு. இவை கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்கிடையே தீங்கின்றி வாழ்வன. ஒரு சாமந்தியில் வாழும் கூட்டத்திலே மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், ஏனையவை முதிராதவை. பெண் இறப்பின் ஆண் பெண்ணாக மாறுகின்றது. முதிராதவற்றுட் பெரியது ஆணாகின்றது. இப்பாலினமாற்றத்தை ஹான்சு ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே என்னும் ஆய்வாளர் 1977 ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர். இதனால் வளர்ப்போருக்கு ஒரு நன்மை உண்டு. ஆண் இது, பெண் இது என்று தெரிந்தெடுக்க வேண்டியதில்லை. பருமனிற் சிறிது வேறுபட்ட இரண்டு இளமீன்களை ஒன்றாக விடின், காலப்போக்கிற் பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் அமையும். தொட்டியிற் சாமந்தி இன்றியும் இவை வாழும், முட்டையும் இடும்.

இம்முயற்சியில் இறங்குவோர் முதலில் மீனை வாங்கி, முட்டை கண்டபின் உணவைத் தேடுதல் வழக்கம். தோல்விக்கு அதுவே பெருங்காரணம். கடலிலே சூரியவொளியால் அல்கா வளர்கின்றது. அல்காவை நுண்விலங்கு உண்கின்றது. நுண்விலங்கைக் குடம்பி உண்கின்றது. வீட்டிலும் இச்சங்கிலியை அடியிலிருந்தே கட்டுதல் வேண்டும். அல்கா முதலாவது, நுண்விலங்கு இரண்டாவது, மீன் மூன்றாவது.

கடலின் நுண்ணல்காக்களுள் நன்னோகுளோரொப்சிசு என்பது வீட்டு வளர்ப்புக்கு ஏற்றது. தெளிந்த போத்தல்களிற் சுத்தமான உப்புநீரை நிரப்பி, அதற்குரிய உரக்கரைசலைச் சில துளிகள் சேர்த்து, சிறிதளவு வித்தல்காவை விட்டு, மின்விளக்கின் ஒளியும் காற்றுப்பம்பியிலிருந்து வரும் காற்றுங் கிடைக்கச் செய்யின், சில நாள்களில் நீர் கரும்பச்சை நிறமடையும். அதிற் பெரும்பகுதியை உணவாக எடுத்து, எஞ்சியதைப் புதுநீரோடு சேர்த்து மீண்டும் வளர்க்கலாம். செறிவாக்கப்பட்ட அல்கா இப்பொழுது போத்தல்களில் விற்பனையாகின்றது; அதனைக் குளிரூட்டியில் வைத்துப் பயன்படுத்துவோர் இவ்வுழைப்பிற் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

அடுத்த படியில் உள்ளது ரொட்டிபர் என்னும் நுண்விலங்கு. தலையிற் சுழலும் மயிர்வட்டத்தால் அல்காவைத் தன் வாய்க்குள் ஈர்க்கும் இது, ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்று முதல் பத்தில் மூன்று வரையான நீளமுடையது. இதன் வரலாறு சுவையானது. யப்பானில் விலாங்கு வளர்க்குங் குளங்களில் இது திடீரெனப் பெருகி, அல்காவையெல்லாம் உண்டு நீரைக் கெடுத்தமையால், முன்னர் ஒரு பீடையாகவே கருதப்பட்டது. 1960 ஆம் ஆண்டில் இட்டோ என்னும் யப்பானிய அறிஞர் இதனை வளர்த்து மீன்குடம்பிகளுக்கு உணவாக்கலாம் எனக் காட்டினார். குளத்தின் பீடை அன்றுதொட்டுக் கடல்மீன் பண்ணைகளின் மூலதனமாயிற்று. பெண் ரொட்டிபர் ஆணின் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகும். நல்ல சூழலில் அதன் தொகை ஓரிரு நாளில் இருமடங்காகும்.

எவ்வளவு ரொட்டிபர் வேண்டும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். குடம்பித் தொட்டியில் ஒரு மில்லிலீற்றர் நீருக்குப் பத்து ரொட்டிபர்களேனும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். 40 இலீற்றர்த் தொட்டிக்கு இது 4 இலட்சமாகும். 10 இலீற்றர் கொள்ளும் வாளியில் மில்லிலீற்றருக்கு நூறு வீதம் வளர்ப்பின் 10 இலட்சம் இருக்கும். அதன் பெருக்கங் குன்றாதவாறு நாளொன்றுக்கு நாலிலொரு பங்கை, அதாவது இரண்டரை இலட்சத்தை எடுக்கலாம். எனவே இரண்டு வாளிகள் வேண்டும். இரண்டு வைத்தலுக்கு வேறு காரணமும் உண்டு: ரொட்டிபர் வளர்ப்பு முன்னறிவிப்பின்றி ஒரே இரவில் அழிந்துபோவதுண்டு, ஒன்று அழியினும் மற்றையது வித்தாக நிற்கும். ரொட்டிபர் வாளியில் இட்ட கரண்டியையோ குழாயையோ அல்காப் போத்தலில் இடலாகாது. ஒரு துளியோடு சென்ற சில ரொட்டிபர்கள் சில நாளில் அல்கா முழுவதையும் உண்டுவிடும்.

இவ்விரு படிகளும் சில கிழமைகள் தளர்வின்றி நடைபெற்ற பின்னரே பெற்றோர் மீன்களை எண்ணுதல் தகும். ஒரு சோடிக்கு 100 இலீற்றர் அளவான தொட்டி போதியது. நீரின் வெப்பநிலை 26 முதல் 28 பாகை செல்சியசு வரையும், உவர்ப்பு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்காகவும் இருத்தல் நன்று. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா கொடிய நஞ்சு. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலின் அந்நஞ்சின் வலி ஆங்கு மிகும். அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியிலும் கற்களிலும் நிலைபெறுதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதுவரை மீனை விடாது பொறுத்தல் வேண்டும். பின்னர் இறால், மட்டி, மீன்றசை எனப் பலவகை உணவைச் சிறிதுசிறிதாகப் பலமுறை ஊட்டுதலும், ஒரு மட்பாண்டத்தையோ ஓட்டையோ முட்டையிடும் இடமாக வைத்தலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் விளக்கை ஏற்றி அணைத்தலும் வளர்ப்போர் கடமையாகும். இளஞ்சோடி முட்டையிட ஓராண்டோ அதனின் மிகுந்த காலமோ செல்லலாம். ஒருமுறை தொடங்கியபின் மாதம் இருமுறையளவில் இடும்.

செம்மஞ்சள் நிறமான முட்டைகளை ஆண்மீன் தன் செட்டைகளால் விசிறி, வாயாற் கழுவிக் காக்கின்றது. நாள் செல்லச் செல்ல அவை கருமையடைந்து, ஈற்றிற் குடம்பிகளின் கண்கள் வெள்ளி போல் ஒளிரும். 28 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய ஏழாம் நாள், விளக்கணைந்து இருள் சூழ்ந்த சிறிது நேரத்தில் அவை பொரிக்கின்றன. இரவிற் பொரித்தல் பகற்பகைவரிடமிருந்து தப்புதற்கு இயற்கை வகுத்த வழி. வளர்ப்போர் அன்று மாலையே முட்டைகள் ஒட்டிய ஓட்டைக் குடம்பித் தொட்டிக்கு மாற்றி, ஆணின் விசிறலுக்கு ஈடாக அதனருகே காற்றுக்குமிழிகளைச் செலுத்துவர். அத்தொட்டி பெற்றோர் தொட்டியின் நீரால் நிரப்பப்பட்டதாயும், பக்கங்கள் கரிய தாளால் மூடப்பட்டதாயும் இருத்தல் வேண்டும். ஒளியை நாடுங் குடம்பிகள் மின்னுங் கண்ணாடியில் மோதி மாளாதிருத்தற்கே இம்மூடல்.

மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளமுள்ள அக்குடம்பிகள் மறுநாட் காலையில் உண்ணத் தொடங்கும். அப்பொழுது ரொட்டிபர் நீரில் இருத்தல் வேண்டும். அந்த ரொட்டிபர் உண்பதற்கு அல்காவும் அதே நீரில் இருத்தல் வேண்டும். அல்கா இளம்பச்சையாய்ப் படர்ந்த நீர் ஒளியையும் தணிக்கும். ஐந்தாறு நாள் கழிந்தபின், ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளைச் சிறிதுசிறிதாகச் சேர்க்கலாம். உலர்ந்த நிலையிற் பல்லாண்டு கிடக்கவல்ல இதன் முட்டைகள் உப்புநீரில் இட்ட ஒரு நாளிற் பொரிக்கும். அமெரிக்காவின் பெரிய உப்பேரி இம்முட்டைக்குப் பேர்பெற்றது. புத்தளம் முதலான நம் உப்பளங்களிலும் இவ்வுயிர் வாழ்கின்றது. நாள்தோறும் தொட்டியின் அடியிற் படிந்த கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி, அவ்வளவு நீரைத் துளித்துளியாகச் சேர்த்தல் வேண்டும். எட்டு முதல் பதினைந்து நாளுக்குள் உருமாற்றம் நிகழ்கின்றது. தெளிந்த குடம்பி நிறம் பெற்று, வெண்பட்டை தோன்றி, மேலே மிதத்தலை விட்டு அடித்தளத்தை நாடுகின்றது. இந்நிலையை அடைந்தவற்றுட் பெரும்பாலானவை பிழைக்கும்.

முதலுணவே திறவுகோல் என்பதைப் பிற இனங்களும் மெய்ப்பிக்கின்றன. இந்தோனீசியாவின் பங்காய்த் தீவுகளுக்கே உரிய ஒரு மீனில், ஆண் முட்டைகளை ஏறக்குறைய ஒரு மாதம் வாயிற் காத்து, முழுவுருப் பெற்ற குஞ்சுகளையே வெளிவிடுகின்றது. அவை உடனே ஆர்ட்டீமியாவை உண்ணும். ஆதலின் வீட்டில் வளர்த்தல் எளிது. மிதமிஞ்சிப் பிடிக்கப்பட்டமையால் இம்மீன் 2007 ஆம் ஆண்டில் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இதற்கு மாறாக, ஹவாயின் மஞ்சள் அறுவை மீனின் குடம்பி ரொட்டிபரையும் விழுங்க இயலாத சிறுவாயுடையது. கோப்பிபொட்டு என்னும் நுண்ணிறால்களின் இளங்குஞ்சுகளை வளர்த்துக் கொடுக்கும் முறை கைவந்த பின்னரே, 2015 ஆம் ஆண்டில் ஹவாயின் ஆய்வுநிலையமொன்று அதனை வளர்த்தெடுத்தது. அடுத்த ஆண்டிற் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் நீலநிற அறுவை மீனில் வெற்றி கண்டனர். கோமாளி மீனோ அதே புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவரால் 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே வணிக அளவிற் பெருக்கப்பட்டது. இடைப்பட்ட நாற்பதாண்டுகளும் ஒரு வாயின் அளவுக்கேற்ற உணவைத் தேடிக் கழிந்தன எனலாம்.

இம்முயற்சியால் விளையும் பயன் யாது? 1998 ஆம் ஆண்டின் கடல்வெப்பத்தால் இலங்கையின் முருகைப்பார்கள் பலவும் வெளிறி மாண்டன. அத்தகைய பார்களிலிருந்து பெற்றோர் மீனைப் பிடித்தல் இனத்தின் வேரையே பறித்தலாகும். வீட்டிற் பிறந்த மீன் அவ்விழப்பை ஒரு சிறிதேனும் தடுக்கும். தொட்டி வாழ்வுக்குப் பழகியதாதலின் நெடுநாள் வாழவுஞ் செய்யும். ஆயினும் மறுபுறத்தையும் நோக்குதல் நீதியாகும். அயல்நாட்டுப் பண்ணையிற் பிறந்த மீன், நம் கரையோரத்தில் மூழ்கி மீன்பிடித்து வாழும் குடும்பத்துக்கு ஒரு சதமும் ஈட்டித் தருவதில்லை. பாரிலிருந்து வருவாய் பெறும்வரையே அக்குடும்பம் பாரைக் காத்தற்கும் காரணம் பெறுகின்றது. ஆகவே இக்கலை அயலாரிடம் மட்டும் வளர்தல் நமக்கு நன்மையன்று. அது நம் கரையோர ஊர்களிலேயே கைத்தொழிலாக வேரூன்றுதல் வேண்டும். பாக்குநீரிணைக்கு அப்பால் மண்டபத்தில் இந்தியாவின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களை இனம்பெருக்கும் முறைகளை வகுத்துக் காட்டியுள்ளது. அதே கடலின் இக்கரையிலும் அஃது இயலாததன்று.

இதற்கு வேண்டிய பொருள்கள் அரியனவல்ல: சில போத்தல்கள், இரு வாளிகள், ஒரு காற்றுப்பம்பி, மூன்று தொட்டிகள், ஓர் உருப்பெருக்கி. இவற்றைக் கல்லூரியின் உயிரியற்கூடத்தில் ஒரு மேசையளவிலே அமைக்கலாம். உணவுச் சங்கிலி, நைதரசன் வட்டம், உருமாற்றம், பாலினமாற்றம் என்று நூலில் வேறுவேறு அதிகாரங்களாகக் கிடப்பவை அம்மேசையின்மீது ஒன்றோடொன்று பிணைந்து உயிருடன் நிற்கும். அவற்றைப் பேண நாள்தோறும் அரைமணி நேரம் வேண்டும். விடுமுறை நாளும் அதற்கு விலக்கன்று. கண்ணுக்குத் தெரியாத உயிரைப் பட்டினி கிடவாமற் காக்கும் ஒழுங்கு உடையவனுக்கே கண்ணைக் கவரும் மீன் வாய்க்கும்.