'ரன்' என்னும் ஆங்கில வினையின் பலபொருண்மை: தன்வினை – பிறவினை நோக்கில் ஒரு விளக்கம்

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வெளிவந்தபோது, அதில் மிகுதியான பொருள்களைப் பெற்றிருந்த சொல் 'செட்' என்பதாகும். அச்சொல்லுக்கு 430 பொருள்கள் குறிக்கப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப்பணியில் அவ்விடத்தை 'ரன்' பெற்றது. அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் இவ்வொரு சொல்லின் பதிவைச் சீரமைக்க ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்து, வினைவடிவிற்கு மட்டும் 645 பொருள்களை வகுத்தார் என்னும் செய்தி 2011-இல் வெளியாயிற்று. மூன்றெழுத்துச் சொல் ஒன்று இத்தனை பொருள்களை எவ்வாறு தாங்குகிறது என்பதும், தமிழில் பெயர்ப்போர் அதனை எவ்வாறு அணுகலாம் என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண், இந்த எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். திவாகரம் தன் பதினோராம் தொகுதியை ஒருசொல் பல்பொருட் பெயர்களுக்கென ஒதுக்கியிருப்பதை நாம் அறிவோம். ஒரே வடிவம் கொண்ட வெவ்வேறு சொற்களும், ஒரே சொல்லின் கிளைப்பொருள்களும் நிகண்டு மரபில் வேறுபாடின்றி ஒருங்கே அமையும். இக்கால அகராதியியல் இவ்விரண்டையும் பிரிக்கிறது. 'ஆறு ஓடுகிறது' என்பதிலுள்ள ஓடு, ஆமையின் ஓடு, மூன்றாம் வேற்றுமை ஓடு ஆகிய மூன்றும் வடிவால் ஒத்த தனித்தனிச் சொற்கள். தனித்தனிப் பதிவுகளாகவே இடம்பெறும். 'ரன்' வினையின் 645 பொருள்களோ ஒரே பதிவினுள் அடங்குபவை. மூக்கு ஒழுகுதல், சாயம் பரவுதல், பொறி இயங்குதல், நாடகம் தொடர்ந்து நடைபெறுதல், நோய் வழிவழியாக வருதல், நிறுவனத்தை நடத்துதல் ஆகிய அனைத்தும் ஒரு சொல்லின் விரிவுகளாகவே அங்குக் கொள்ளப்படுகின்றன. எங்கே ஒரு பொருள் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை முடிவு செய்பவர் அகராதியாசிரியரே. ஆகவே 645 என்பதைச் சொல்லின் இயல்பாக மட்டும் கொள்ளாமல், பகுத்தவரின் நுணுக்கத்தின் அளவாகவும் கொள்ளுதல் தகும்.

இப்பெருக்கத்திற்குத் தொழிற்புரட்சியே காரணம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. நீராவிப் பொறியும் தொடர்வண்டியும், பின்னர் மின்சாரமும் கணினியும் இயங்கும் உலகில் இயக்கத்தைக் குறிக்கும் சொல் செல்வாக்குப் பெற்றது என்பது அவ்விளக்கம். அது கவர்ச்சியானது, ஆனால் பாதியே உண்மை. பொறிகள் வருமுன்னரே இச்சொல்லின் வடிவ வரலாற்றில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தை அது கணக்கில் கொள்ளவில்லை.

இரு வினைகள் ஒன்றானமை

பழைய ஆங்கிலத்தில் ஓடுதலைக் குறிக்க 'இர்னன்' என்ற தன்வினையும், ஓடச் செய்தலைக் குறிக்க 'ஆர்னன்' என்ற பிறவினையும் வழங்கின. முன்னது விலங்கும் மனிதரும் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் உரியது. பின்னது குதிரையைச் செலுத்துதல் போன்ற செயல்களுக்கு உரியது. இவை கெர்மானிய மூலமொழியில் உயிரொலி வேறுபாட்டால் அமைந்த தன்வினை – பிறவினை இணையின் வழிவந்தவை. தமிழில் ஓடு – ஓட்டு, ஆடு – ஆட்டு, உருள் – உருட்டு என்பன நிற்கும் முறைக்கு இது நெருக்கமானது. தமிழ் ஈற்று வல்லொற்று இரட்டுதல் முதலியவற்றால் காட்டும் வேறுபாட்டைக் கெர்மானியம் அகவுயிரால் காட்டியது என்பதே வேற்றுமை. இன்றைய செருமானியத்தில் ஒழுகுதலைக் குறிக்கும் 'ரின்னன்', விரைந்து ஓடுதலைக் குறிக்கும் 'ரென்னன்' என இரு வடிவங்களும் எஞ்சியுள்ளன. 'ரென்னன்' தன் பிறவினைப் பொருளை இழந்துவிட்டபோதிலும் வடிவத்தை இழக்கவில்லை.

ஆங்கிலத்தில் அவ்வடிவ வேறுபாடும் நிலைக்கவில்லை. இடைக்கால ஆங்கிலத்தில், பழைய நார்ஸ் மொழியின் தாக்கத்தோடு, இரு வினைகளும் 'ரென்னன்' என்ற ஒரே வடிவில் கலந்தன. பின்னர் இறந்தகால எச்ச வடிவின் உயிர் நிகழ்காலத்திற்கும் பரவி, பதினாறாம் நூற்றாண்டளவில் 'ரன்' என்பது நிலைபெற்றது. இதனால் குதிரை ஓடுவதும் குதிரையை ஓட்டுவதும் ஒரே சொல்லாயின. பொறிகளின் காலம் வந்தபோது 'பொறி ஓடுகிறது' என்பதற்கும் 'பொறியை ஓட்டுகிறான்' என்பதற்கும் ஆங்கிலத்தார் புதுச்சொல் தேட வேண்டியிருக்கவில்லை. இயங்குவோர், இயக்குவோர் ஆகிய இருசாராரின் பொருள்களும் ஒரே பதிவில் குவிந்தன. முன்னர் முதலிடம் பெற்றிருந்த 'செட்' என்பதும் 'சிட்' (அமர்) என்பதன் பிறவினையே என்பதை இங்குக் கருதலாம். அவ்விணை வடிவால் பிரிந்தே நிற்கிறது. 'ரன்' பிரிவை இழந்தது.

பெயரால் வேறுபடும் வினை

தொல்காப்பியக் கிளவியாக்கம் வினை வேறுபடும் பலபொருள் ஒருசொல்லைக் கூறி, வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளியப்படும் என்கிறது. 'மா பூத்தது' எனின் மரம். 'மா ஓடிற்று' எனின் விலங்கு. அங்குப் பெயரின் பொருளை வினை தெளிவிக்கிறது. 'ரன்' தொடர்பாக இவ்விதியைத் திருப்பிப் பார்க்க வேண்டியுள்ளது. வினையின் பொருளை எழுவாயும் செயப்படுபொருளும் தெளிவிக்கின்றன. எழுவாய் மூக்காயின் ஒழுகுதல், துணியின் நிறமாயின் சாயம் போதல், சாலையாயின் செல்லுதல். அசையாத சாலையை அசைவதாகக் கூறும் இவ்வழக்கை லெனர்ட் டால்மி புனைவியக்கம் என்னும் கருத்தால் விளக்குவார். ஸ்டெஃபான் கிரீஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வும், இவ்வினையின் பொருள்களைத் தரவகத்தில் அது வரும் இலக்கணச் சூழலைக் கொண்டே பகுத்தது. இடைச்சொற்களின் சேர்க்கை வேறொரு பெருந்தொகுதி. 'ரன் அவுட்' எனின் தீர்ந்துபோதல். 'ரன் இன்டூ' எனின் மோதுதல் அல்லது எதிர்பாராது சந்தித்தல். 'ரன் ஓவர்' எனின் வண்டி ஏறி நசுக்குதல். இவற்றுள் ஓட்டத்தின் சாயலைத் தேடுவது மாணவர்க்குப் பயன்தராது. தனிச்சொற்களாகவே கற்பித்தல் நலம்.

தமிழில் பெயர்ப்போர் பெரிதும் இடறுவது பிறவினைப் பொருளிலாகும். ஆங்கிலத்தார் கடையை 'ரன்' செய்வர். தமிழர் கடையை நடத்துவர். அங்கே ஓட்டம், இங்கே நடை. 'கடையை ஓட்டுகிறேன்' என்ற தொடரும் தமிழில் உண்டு. ஆனால் அது இழப்பிற்கும் ஈட்டத்திற்கும் இடையில் எப்படியோ காலம் தள்ளுவதைக் குறிக்கும். செழித்து நடக்கும் நிறுவனம் பற்றிய ஆங்கிலத் தொடரை 'ஓட்டுகிறார்' எனப் பெயர்த்தால், மூலத்தில் இல்லாத வறுமை மொழிபெயர்ப்பில் புகுந்துவிடும். பேருந்தில் ஓட்டுநரும் நடத்துநரும் வேறு வேறு ஆட்கள் என்பதைத் தமிழ் மாணவர் எவரும் அறிவர். இவ்விரு வினைகளின் எல்லையை விளக்க அதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது. ஆங்கில–தமிழ் அகராதிப் பதிவில் 'ஓடு, ஓட்டு, நடத்து, இயக்கு' எனக் காற்புள்ளியிட்டு அடுக்குவதால் இவ்வெல்லை புலப்படாது. ஒவ்வொன்றுக்கும் உரிய எழுவாயையோ செயப்படுபொருளையோ உடன் தருதல் இன்றியமையாதது: நிரலை இயக்கு, வண்டியை ஓட்டு, பள்ளியை நடத்து, குளியலுக்கு நீரைத் திறந்துவிடு.

நேர்ப்பொருத்தம் உள்ள இடங்களும் சில உண்டு. நீர் ஓடுதல், வண்டி ஓடுதல், திரைப்படம் நூறு நாள் ஓடுதல் ஆகியவற்றில் இரு மொழிகளும் இணைந்தே செல்கின்றன. முற்றும் எதிராக நிற்கும் இடம் தேர்தல். அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் பதவிக்காக 'ரன்' செய்கிறார். பிரித்தானிய ஆங்கிலத்தில் அவருக்குரிய வினை 'ஸ்டாண்ட்'. தமிழ் வழக்கும் பிரித்தானிய வழக்கோடு ஒத்துத் 'தேர்தலில் நிற்கிறார்' என்றே கூறுகிறது. எனவே அமெரிக்கச் செய்தியொன்றைப் பெயர்க்கும் தமிழர், ஓடும் வேட்பாளரை நிற்கவைக்க வேண்டியவராகிறார்.