92 பர்சன்டைல் என்றால் 92 மார்க் இல்லை

அக்கா பொண்ணுக்கு ஜேஇஇ மெயின் ரிசல்ட் வந்த அன்று வீட்டில் ஒரே குழப்பம். "92 எடுத்திருக்காடா, திருச்சி என்ஐடி கிடைச்சிடும்ல?" என்றாள் அக்கா. பொண்ணுக்கு வேறு கவலை. "மாமா, என்னைவிட 10 மார்க் கம்மியா எடுத்தவளுக்கு 93. இது எப்படி நியாயம்?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

ஜேஇஇ மெயின் ஒரே நாளில் நடப்பதில்லை. பல ஷிஃப்ட், ஒவ்வொன்றுக்கும் வேறு கேள்வித்தாள். ஒன்று கஷ்டமாக இருக்கும், ஒன்று சுலபமாக. அதனால் 300-க்கு எடுத்த மார்க்கை அப்படியே ஒப்பிட முடியாது. 2019 முதல் என்டிஏ செய்வது இதுதான்: உங்கள் ஷிஃப்டில் உங்கள் மார்க்கோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களை எண்ணி, ஷிஃப்டில் எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, 100-ஆல் பெருக்குகிறது. ஷிஃப்டில் 1 லட்சம் பேர், அதில் 92,000 பேர் உங்கள் அளவோ அதற்குக் கீழோ என்றால் உங்களுக்கு 92. அதாவது இது மார்க் இல்லை, வரிசையில் உங்கள் இடம்.

தோழியின் ஷிஃப்டில் தாள் கஷ்டம் என்றால், கம்மி மார்க்கிலேயே அவள் அதிகம் பேரைத் தாண்டியிருப்பாள். இதற்கு அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது: யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பது குலுக்கல் மாதிரி, எனவே எல்லா ஷிஃப்டிலும் மாணவர்களின் திறமை சராசரியாக ஒன்றே. லட்சம் பேர் கூட்டத்தில் இது பெரும்பாலும் சரியாக வரும். தனி ஒருத்திக்குச் சரியாக வந்ததா என்று கேட்டால், சொல்ல முடியாது.

ஏழு தசம இலக்கம் பார்த்து மிரள வேண்டாம். லட்சம் பேர் ஷிஃப்டில் ஒரு ஆள் என்பது 0.001 பர்சன்டைல். அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் வகுத்தலில் வந்தவை, சமநிலையை உடைக்க உதவும். திறமையை அவ்வளவு நுணுக்கமாக எந்தத் தேர்வும் அளக்காது.

இப்போது அக்காவின் கேள்வி. பர்சன்டைலை ரேங்க்காக மாற்றிப் பாருங்கள். 2024-ல் இரண்டு செஷனும் சேர்த்து 14 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். தோராயமாக,

92 என்றால் முன்னால் 1,12,000 பேர்
99 என்றால் 14,000 பேர்
99.9 என்றால் 1,400 பேர்

92-க்கும் 93-க்கும் நடுவில் மட்டும் 14,000 பேர் நிற்கிறார்கள். அந்த வருஷம் அட்வான்ஸ்ட் எழுத பொதுப்பிரிவு கட்-ஆஃப் 93.2362181.

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் 92 என்பது தோல்வியும் இல்லை. நூறு பேரில் 92 பேரை எட்டியோ தாண்டியோ நிற்கிறாள். அந்தக் கூட்டம் பெரியது, சீட் கம்மி, அவ்வளவுதான். இரண்டு செஷனில் எது நல்ல ஸ்கோரோ அதைத்தான் எடுப்பார்கள். இது ஜனவரி ஸ்கோர், ஏப்ரல் மிச்சம் இருக்கிறது.

"அப்போ நான் மக்கு இல்லையா மாமா?" என்று கேட்டாள். இந்த நம்பர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லைம்மா என்றேன்.